திருடிக்கு வைத்த பேர்

அந்தப் பேரை இங்கே எழுதப் போவதில்லை. மற்றதையெல்லாம் நடந்தது நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நாங்கள் நான்கு பேர் கூடி ஒரு விளையாட்டு ஆடுவோம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அதிகம் சொல்வதில்லை. ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்வோம்; ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரக்காரி, ஒருவர் மலையைக் குடைந்து வாழும் குள்ளர். "கதவைத் திறக்கிறேன்" என்று நாம் சொல்ல வேண்டும். பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணைப் பார்த்து, கதவு திறந்ததா, உள்ளே இருந்தது பாய்ந்து கடித்ததா என்று அவர் சொல்வார். பகடைக்கு இருபது முகம். மேடை கிடையாது, ஒப்பனை கிடையாது. ஒரு மேசை, பென்சில், தாள், ஒரு தட்டு மிக்சர், அவ்வளவுதான்.

கதை நடத்துகிறவர் உவரிக்காரர். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் பல வருஷம் இருந்தவர். கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரர்கள் சாப்பாட்டு மேசையில் இதை ஆடுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். கப்பலை விட்டு இறங்கி, பாளையங்கோட்டையில் தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கும் கடை வைத்த பிறகும் இந்தப் பழக்கம் அவரை விடவில்லை. ஞாயிறு காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து, சாப்பிட்டு, மாடியில் ஃபேனைப் போட்டு எங்களுக்காகக் காத்திருப்பார். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அடுத்தவர் பஸ் டெப்போவில் மெக்கானிக். அப்புறம் கட்டட வரைபடம் போடுகிற என் கணவர். பிறகு நான்.

நான் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். காலையில் வரிசையாக வந்து இறங்கும் கேன்களில் எதில் தண்ணீர், எதில் மாவு, எதில் சோடா என்று பார்ப்பது வேலை. பாலைத்தான் பார்க்க வேண்டும், கொண்டுவந்த ஆளின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று சேர்ந்த புதிதில் சொன்னார்கள். நான் இரண்டையும் பார்ப்பேன். பல நேரம் முகம்தான் முதலில் சொல்லிவிடும்.

இந்த விளையாட்டுக்கு என் கணவர் என்னை முதன்முதலில் கூப்பிட்டபோதும் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. சில வருஷங்களுக்கு முன், ஐந்தாம் மாதத்தில் எங்கள் குழந்தை தங்காமல் போய்விட்டது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் வீட்டில் ரொம்ப நீளமாக இருந்தன. அவர் கோயம்புத்தூரில் வேலை பார்த்தபோது அறை நண்பர்களோடு இதை ஆடியிருக்கிறார். "ஒரு தடவை வந்து பாரேன்" என்றார்.

"டாக்டர் சொல்லிட்டாரா?"

"டாக்டருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? சும்மா ஒரு விளையாட்டு."

டாக்டர்தான் சொல்லியிருப்பார் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் போனேன்.

போன முதல் நாளே எனக்குக் குறையாகப் பட்டது பேர்கள்தான். எல்லோரும் விதிப்புத்தகத்தில் கிடந்த வெள்ளைக்காரப் பேர்களை எடுத்து வைத்திருந்தார்கள். டெப்போக்காரர் தன் குள்ளரின் பேரை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார். என் கணவரின் வாள்வீரரை ஒரு பூதம் பின்னாலிருந்து அடிக்க வந்தபோது, எச்சரிக்கலாம் என்று வாயைத் திறந்த டெப்போக்காரருக்கு அந்தப் பேர் வரவேயில்லை. "ஏலே, ஒன்னத்தாம்லே" என்று கத்தினார்.

"கூப்பிட வாயில வராத பேரு எதுக்கு வச்சிருக்கீய?" என்று கேட்டேன்.

"அப்ப நீங்களே வைங்க மதினி" என்றார் அண்ணாச்சி.

அன்றிலிருந்து பேர் வைப்பது என் பொறுப்பானது. காட்டுக்குள் வாழும் நீண்ட காது மக்களுக்கு இழுத்துச் சொல்லக்கூடிய பேர்களாக வைத்தேன்: இழையோன், அல்லிவாய். குள்ளர்களுக்குக் கல்லில் கல் மோதுகிற மாதிரி: துக்கடன், பொட்டக்கல்லன். டெப்போக்காரருக்குக் குத்துக்கல்லன் என்று வைத்துக் கொடுத்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்க்க வேண்டும். என் மந்திரக்காரிக் கிழவிக்குக் கூகையாள். கணவரின் வாள்வீரருக்குக் கருங்காலன். அண்ணாச்சி தன் கதையில் வரும் துறைமுகத்துக்குத் தானே நங்கூரப்பட்டி என்று வைத்துக்கொண்டார். கடல் பக்கத்துப் பேர்களை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். மற்றதற்கெல்லாம் என்னிடம் வருவார்.

"மதினி, ஒரு ராட்சசன் வாரான். என்ன பேரு வைக்கலாம்?"

"அவனுக்குப் பல்லு இருக்கா, கொட்டிப்போச்சா?"

"ரெண்டு பல்லு இருக்குன்னு வைங்க."

"அப்ப கொறுவாயன்."

பேர் வைக்கும்போது எனக்கென்று சில கணக்குகள் உண்டு. ஆபத்தில் மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினால் ஒரே மூச்சில் வர வேண்டும். யார் வீட்டிலாவது இருக்கிற, இருந்து போன ஆளின் பேராக இருக்கக் கூடாது. வேடம் செத்துப்போனால் சங்கடம். இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கத்தில் பேரைக் கேட்கிறவர்கள் பேரைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதில்லை. பேர், அப்பா பேர், எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு. நாலாவது கேள்வியில் அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும். எங்கள் மேசையில் ஆடுகிற எவருடைய பேரும் அந்த நாலு கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வைத்தேன்.

இதற்கெல்லாம் முன்னால் என் வாழ்க்கையில் நான் வைத்தது ஒரே ஒரு பேர். இங்கே ஓடும் ஆற்றின் பழைய பேரில் பாதியை எடுத்து, நான் பிறந்த ஊருக்கு மேற்கே நிற்கும் மலையின் பேரில் பாதியை எடுத்து, இரண்டையும் ஒட்டி நானே செய்த பேர். பெண்ணாகத்தான் இருக்கும் என்று இருவரும் முடிவு செய்திருந்தோம். பெண்தான் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்தப் பேர் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. என் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. வயிற்றுப் பக்கம் குனிந்து அவர் சொல்வார், நான் சொல்வேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இருவருமே சொல்லவில்லை.

போன வருஷம் என் கணவர் வண்ணார்பேட்டையில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனார். அங்கே கண் பரிசோதிக்கிற பெண்ணின் பையில் சாவிக்கொத்தோடு ஒரு இருபது முகப் பகடை தொங்கியதாம். விசாரித்ததில், இந்த விளையாட்டை மற்றவர்கள் ஆடுவதை போனில் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறாள், கூட ஆட ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறாள். ஊர் வள்ளியூர். தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள்.

"அந்தப் பொண்ணு வரட்டுமான்னு கேக்கு" என்றார்.

"எந்தப் பொண்ணு? ஒரு கண்ணாடிக்கு எத்தனை தடவை கடைக்குப் போனீய?"

"பவர் சரியில்லைன்னு ரெண்டாவது தடவை போனேன்."

சரி, வரட்டும் என்றேன். திருடிக்கோ வில்லாளிக்கோ தோதாக இரண்டு மூன்று பேர்களையும் யோசித்து வைத்திருந்தேன்.

அவள் வந்தாள். மெலிந்த பெண், இருபத்து மூன்று, இருபத்து நான்கு இருக்கும். எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். என் கணவரை அண்ணே என்று கூப்பிட்டாள். அந்த அண்ணேயையும் நான் கவனித்துக்கொண்டேன்.

"சொல்லும்மா, ஒம் ஆளு என்ன வேலை பாக்கா?" என்றார் அண்ணாச்சி.

"திருடி, அண்ணாச்சி."

"ஆத்தாடி. பேரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஒரு கணம் என் கணவரைப் பார்த்தாள். பிறகு பேரைச் சொன்னாள்.

அந்தப் பேரை.

டெப்போக்காரர் மிக்சரில் கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி "நல்ல பேருலா" என்று சொல்லித் தாளில் எழுதினார். நான் பென்சிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அது மட்டும் நினைவிருக்கிறது. முதலில் காது கேட்டதில் தப்பு இருக்கும் என்று நினைத்தேன். அண்ணாச்சி எழுதிய தாளை எட்டிப் பார்த்தேன். எழுத்து எழுத்தாக அதே பேர்.

"இந்தப் பேரு ஒனக்கு எங்கன கெடச்சுது?" என்று கேட்டேன்.

"சும்மா வந்துச்சுக்கா."

"சும்மான்னா?"

"சும்மா யோசிச்சேன், வந்துட்டு." அவள் கழுத்து சிவந்து போயிற்று.

என் கணவர் வரைபடத் தாளில் ஒரு குகையின் வாசலை வரைந்துகொண்டிருந்தார். ஏற்கெனவே வரைந்திருந்த வாசலின் மேலேயே மறுபடியும் வரைந்தார்.

அன்று நான் ஒழுங்காக ஆடவில்லை. வண்டியில் திரும்பும்போதே கேட்கத் தோன்றியது. கேட்டால் ஒரு பதில் வரும், அந்தப் பதிலை நம்புவதா வேண்டாமா என்று அதையும் சோதிக்க வேண்டியிருக்கும். முதலில் அவராகச் சொல்கிறாரா பார்ப்போம் என்று விட்டேன். வீட்டுக்கு வந்ததும் "தோசையா, சப்பாத்தியா?" என்று கேட்டார். பேர் விஷயத்தை எடுக்கவேயில்லை.

அந்த வாரம் என் மனம் போகாத இடமில்லை. இரண்டு பேரும் எங்காவது உட்கார்ந்து டீ குடித்தார்களா? எவ்வளவு நேரம்? பேரை மட்டும் சொன்னாரா, ஆஸ்பத்திரி, அதற்குப் பிறகு நான் கிடந்த கிடப்பு, எல்லாவற்றையும் சொன்னாரா? அவளிடம் சொல்ல முடிந்தது என்னிடம் ஏன் சொல்ல முடியவில்லை? அவர் போன் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்த்தேன். சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார் என்று பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அந்தப் பெண்ணோடு அவருக்கு வேறு ஏதாவது இருக்குமோ என்பது இரண்டாவது கேள்வியாகத்தான் இருந்தது. என் வீட்டுக்குள் இருந்த ஒரே பொருள் எனக்குத் தெரியாமல் எப்படி வெளியே போயிற்று என்பதுதான் முதலாவது.

வாரத்தின் நடுவில் ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு அந்தக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்துவிட்டாள்.

"வாங்கக்கா. என்னக்கா, கண்ணுல ஏதும் தொந்தரவா?"

"எழுத்து கலங்குது. பாரு."

உள்ளே இருட்டான சின்ன அறை. என்னை உட்காரவைத்து, கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டினாள். வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லா தெரியுதா, முந்தினது நல்லா தெரிஞ்சுதா?" என்று கேட்டாள். அவள் முகம் என் முகத்துக்கு அருகில் இருந்தது. வசதியாகப் போயிற்று.

"முந்தினது. அந்தப் பேரை ஒனக்கு யாரு சொன்னா?"

அவள் கை நின்றது.

"நாந்தான்க்கா யோசிச்சேன்."

"அதை யாரும் யோசிச்சிருக்க முடியாது."

"பேரு நல்லா இல்லயாக்கா?"

"நல்லா இருக்கா இல்லயான்னு நான் கேக்கல. யாரு சொன்னாங்கன்னு கேக்கேன்."

அவள் வில்லைப் பெட்டியில் எதையோ தேடுவது போலத் திரும்பிக்கொண்டாள். "சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்கேன்க்கா" என்றாள் பைய. பிறகு, தான் என்ன சொல்லிவிட்டோம் என்று புரிந்து, "ஐயோ" என்றாள்.

அதற்கு மேல் அவளிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண் அழுதுவிடுவாள் போல இருந்தது. ஒளிக்கச் சொன்னவர் என்று ஒருவர் இருக்கிறார், அவர் யார் என்றும் தெரிந்தாயிற்று. கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினாள். வெளியே வந்து பஸ் ஏறினேன். அன்று சாயங்காலமே அவரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கடைக்குப் போனதை அவள் அவரிடம் சொல்கிறாளா, சொன்னால் அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கக் காத்திருந்தேன். மாறவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் பட்டது.

அடுத்த ஞாயிறு ஆட்டத்தில் நாங்கள் ஒரு பழைய கோட்டைக்குள் மாட்டிக்கொண்டிருந்தோம். பூட்டுத் திறக்கத் திருடிதான் வேண்டும். அதனால் எல்லோர் வாயிலும் அந்தப் பேர்தான். "அந்தக் கதவைப் பாரும்மா," "இங்கன வா," "பொறி இருக்கான்னு தடவிப் பாரு," ஒவ்வொன்றுக்கும் முன்னால் அந்தப் பேர். ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சில் ஒரு குத்து. என் கணவரைப் பார்த்தேன். பேர் சொல்லப்படும்போதெல்லாம் அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பது போல இருந்தது.

ஒரு கட்டத்தில் டெப்போக்காரர் சலித்துக்கொண்டார். "என்னம்மா இது, கூப்பிடுததுக்குள்ள பொழுது விடிஞ்சிரும் போல இருக்கு" என்று பேரை நடுவில் ஒடித்து முன்பாதியை மட்டும் வைத்துக் கூப்பிட்டார்.

"முழுசா கூப்பிடுங்க" என்றேன்.

சத்தம் அதிகமாகவே வந்துவிட்டது. டெப்போக்காரர் கையில் எடுத்த பகடையோடு என்னைப் பார்த்தார். அண்ணாச்சி பார்த்தார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்தப் பேரை ஒடிச்சா அர்த்தம் போயிரும்" என்று சமாளித்தேன்.

"சரி மதினி, சரி. முழுசாவே கூப்பிட்டாப் போச்சு" என்றார் டெப்போக்காரர். பாவம், அன்று மீதி நேரம் முழுவதும் அந்தப் பேரை மிகவும் கவனமாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல, முழுதாகச் சொன்னார்.

நாங்கள் இருப்பது ஜங்ஷன் பக்கம். திரும்பும் வழியில் ஆற்றுப் பாலம் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். பக்கத்தில் ஒரு சர்பத் கடை இருந்தது. ஆளுக்கொன்று வாங்கி வரப் போனவரைத் தடுத்து நிறுத்தினேன்.

"அந்தப் பேரை அவளுக்கு யாரு கொடுத்தா?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "நாந்தான்."

"சொல்லக் கூடாதுன்னும் நீங்கதான் சொன்னீய."

"ஆமா."

"எதுக்கு?"

"பேரு வைக்கது அக்காதான்னு சொல்லி வச்சிருந்தேன். அந்தப் பொண்ணு போன் பண்ணி, அண்ணே எனக்கு ஒரு பேரு சொல்லுங்க, அக்காகிட்ட கேக்கப் பயமா இருக்குன்னா. யோசிச்சேன். எனக்கு வேற எந்தப் பேருமே வாயில வரல. அதுதான் வந்துச்சு."

"அதை எனக்கு மறைக்கணும்னும் சேர்ந்தே வந்துச்சோ?"

அவர் ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் தொங்கவிட்டார். பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன.

"ஒங்கிட்ட கேட்டா வேண்டாம்னுருவ. நாலு பேரு வாயில அந்தப் பேரு வந்தா எப்படி இருக்கும்னு கேக்கணும் போல இருந்துச்சு. நாம ரெண்டு பேரும்தான் சொல்லதே இல்லயே. சொல்லாமலே இருந்து எனக்கு மறந்துருமோன்னு பயமா இருக்கு. ஒரு நாள் ஆபீஸ்ல உக்காந்திருக்கும்போது, கடைசி எழுத்து குறிலா நெடிலான்னு சந்தேகம் வந்துட்டு. அன்னிக்குப் பூராவும் என்னால ஒரு கோடு போட முடியல. ஒங்கிட்டயும் கேக்க முடியல. அவ சொல்லட்டும், கேட்டுக்கிடுவோம்னு நினைச்சேன். அவளுக்கு நான் எப்படிச் சொன்னேனோ அப்படித்தான அவ சொல்லுவா, அது எனக்குத் தோணவே இல்ல."

கோபம் போகவில்லை. கோபத்தை வைக்க இடம்தான் தெரியவில்லை.

"அதைக் கொண்டுபோய் ஒரு திருடிக்கா வைக்கணும்?" என்றேன்.

"அவ திருடியா வருவான்னு எனக்கு எப்படித் தெரியும்? காட்டு ராணி, அப்படி எதாவது எடுப்பான்னு நினைச்சேன்."

வேறு எந்த நேரமாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

"வேற என்ன சொன்னீய அவகிட்ட? ஆஸ்பத்திரி விஷயம்?"

"ஒண்ணும் சொல்லல. பேரு மட்டும்தான்."

"பேரை மாத்தச் சொல்லுங்க. காரணம் சொல்லாதீய."

"சரி" என்றார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். சர்பத் குடிக்காமலே வீட்டுக்கு வந்தோம்.

அதற்குப் பிறகு சில நாட்கள் தேவையானதை மட்டும் பேசினோம். கேஸ் வந்ததா, கரண்ட் எப்போது வரும், இந்த மாதிரி. அவர் அவளிடம் பேசிவிட்டதாகச் சொன்னார். "அக்காவுக்கு அந்தப் பேரு பொருத்தமா படல, மாத்திக்கோன்னேன். வேற ஒண்ணும் சொல்லல." அதைச் சொல்லும்போது நேராகத்தான் பார்த்தார். ஆனால் முன்பும் நேராகத்தானே பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் ஒரு நாள் காலையில், நிலையத்தில் கேன் கழுவும் இடத்தில் நான் தனியாக நின்றிருந்தேன். குழாய்கள் எல்லாம் திறந்திருந்தன. அந்தச் சத்தத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்காது. அந்தப் பேரை ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல் தடவை. தொண்டையில் எங்கேயும் தட்டவில்லை. நேற்றுக்கூடச் சொன்னது போல வந்தது.

அன்று அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ரசத்தை ஊற்றிக்கொண்டே, "நெடில்" என்றேன்.

"என்னது?"

"கடைசி எழுத்து. நெடில்."

அவர் கையில் எடுத்த சோறு அப்படியே இருந்தது. பிறகு தலையை ஆட்டினார். "அவளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்" என்றார். நான் அப்பளத்தை எடுத்து அவர் தட்டில் போட்டேன். அதோடு பேச்சு ஓரளவு பழையபடி ஆயிற்று.

அடுத்த ஞாயிறு ஆட்டம் தொடங்குமுன் அந்தப் பெண் கையைத் தூக்கினாள், வகுப்பில் தூக்குவது போல.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும். எங்க ஆளு இத்தன நாளா சொன்ன பேரு பொய்ப் பேரு."

"அது எப்படி?"

"திருடி எங்கயாவது சொந்தப் பேரைச் சொல்லுவாளா, அண்ணாச்சி?"

அண்ணாச்சி மேசையைத் தட்டிச் சிரித்தார். "இது எனக்குத் தோணலியே! நாங்க எல்லாரும் ஏமாந்துட்டோம். அப்ப அது யாரு பேரு?"

"தங்கச்சி பேரு. அவ ஊர்ல இருக்கா. ஆத்தங்கரைல வீடு. எங்க போனாலும் அவ பேரைச் சொல்லிக்கிட்டா தனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு இவளுக்கு ஒரு நம்பிக்கை."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "இவளுக்கு நீங்கதான் ஒரு பேரு சொல்லணும்க்கா."

பேரைப் பிடுங்கிக்கொள்ளத்தான் சொல்லியிருந்தேன். அவள் அதைத் தூக்கிப் போடாமல், அதற்கு ஒரு வீடும் ஊரும் கொடுத்து, பத்திரமாக உட்காரவைத்துவிட்டு வந்திருந்தாள்.

"நழுவி" என்றேன். அவளுக்கென்று முதலிலேயே யோசித்து வைத்திருந்ததில் ஒன்று அது.

"நழுவி!" என்று டெப்போக்காரர் கத்திப் பார்த்தார். ஒரே மூச்சில் வந்தது. "இது பேரு."

எனக்கோ ஆட்டத்தில் மனம் இல்லை. தங்கச்சி. ஆற்றங்கரை. இது இவளாக யோசித்ததா? பேரில் ஆறு இருப்பது கூர்ந்து பார்த்தால் யாருக்கும் தெரியும்தான். ஆனால் தங்கச்சி? முடிந்து இறங்கும்போது படிக்கட்டில் அவளை நிறுத்தினேன்.

"ஒனக்கு யாரு சொன்னா?"

"என்னதுக்கா?"

"தங்கச்சி, ஆத்தங்கரை. எல்லாம்."

"யாரும் சொல்லலக்கா. திருடின்னா அவளுக்கு வீட்ல யாராவது இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு. யாருமே இல்லாத மாதிரி ஆடுறது எனக்குப் பிடிக்கல." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எம்மேல கோவமா?"

இல்லை என்றேன். அவள் என் கையைத் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பிடித்திருந்தாள் என்றும் பட்டது. வள்ளியூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

வீட்டில் அவரைக் கேட்டேன். சத்தியமாகச் சொல்லவில்லை என்றார். அண்ணாச்சியிடம் எப்போதாவது சொன்னீர்களா என்று கேட்டேன். அதுவும் இல்லை என்றார். அண்ணாச்சியின் மனைவி அன்று மிக்சர் தட்டு வைக்க வந்தபோது என்னை ஒரு மாதிரிப் பார்த்தாரே என்று யோசித்தேன். இப்படியே போனால் தெருவில் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று என்னைப் பார்த்தே எனக்குச் சலிப்பாக வந்தது.

நழுவி எங்களோடு நன்றாகவே ஆடினாள். கொறுவாயனின் இடுப்பிலிருந்து சாவியை உருவினாள். இரண்டு முறை பிடிபட்டுத் தப்பினாள். அவள் தங்கச்சியின் பேர் எப்போதாவதுதான் வரும். எங்காவது இருட்டான இடத்துக்குள் நுழையுமுன் நழுவி அந்தப் பேரை ஒரு தடவை சொல்லிக்கொள்வாள். அந்தப் பெண் அதை உரக்கச் சொல்வதில்லை, ஆனால் மேசையில் எல்லோருக்கும் கேட்கும். என் கணவர் கேட்பார். நானும் கேட்டேன். குத்து குறைந்துகொண்டே வந்தது.

இந்த வருஷம் வெயில் தொடங்கின சமயம் ஒரு ஞாயிறு. நாங்கள் பாடுபட்டு நங்கூரப்பட்டித் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்திருந்தோம். கயிறு, எண்ணெய், கருவாடு எல்லாம் வாங்க வேண்டியிருந்தது. அண்ணாச்சி சந்தையை விவரித்துக்கொண்டிருந்தார். கடல் பக்கத்துக் கதை என்றால் அவருக்குத் தனி உற்சாகம் வந்துவிடும். ஒரு மூலையில் வளையல் கடை என்றார்.

"ஏ நழுவி, ஒந்தங்கச்சிக்கு வளையல் வாங்கிட்டுப் போவமா?" என்றார் டெப்போக்காரர்.

"வாங்கலாம்ணே."

அண்ணாச்சி உடனே வளையல்காரராக மாறினார். மூக்கால் பேசினார். "வாங்க தாயி, வாங்க. பிள்ளைக்கு என்ன வயசு?"

"நாலு" என்றாள் அந்தப் பெண்.

பிறந்திருந்தால் எங்கள் பிள்ளைக்கும் அந்த மாதம் நாலு முடிந்திருக்கும்.

நான் என் கணவரைப் பார்த்தேன். நான் எதற்குப் பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இல்லை என்பது போல மெதுவாகத் தலையை அசைத்தார். நான் நம்பவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் அண்ணாச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சிரிப்பு இருந்தது, வேறு எதுவும் தெரியவில்லை. அவளையும் நான் நம்பவில்லை. இன்றும் நம்புகிறேன் என்று சொல்ல முடியாது. யாரோ ஒருவர் யாரிடமோ சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணாச்சி இரண்டு கைகளிலும் வளையலைப் பிடித்திருப்பது போல விரல்களை வளைத்துக்கொண்டு காத்திருந்தார். "நாலு வயசா? பெருசு தரட்டா, சிறுசு தரட்டா? வளருத பிள்ளைலா, பெருசா வாங்குனா அடுத்த வருஷமும் போடலாம்."

அந்தப் பெண் யோசித்தாள். டெப்போக்காரர், "பெருசே இருக்கட்டும்" என்றார்.

"வேண்டாம்" என்றேன் நான். "சிறுசு கொடுங்க. பெருசுன்னா ஓடும்போது கழண்டு விழுந்துரும்."